யார் இறங்குவது?

(டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளையொட்டி ஒரு மாணவர் விடுதியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முழுக்கத் திருத்தவில்லை.)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நோட்டீஸிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. மன்னிக்க வேண்டும், நான் இன்றைக்கு ஒரு தெருவைப் பற்றிப் பேசப் போகிறேன். கடந்த ஒன்றரை வருஷமாக நான் கவிதை எழுதவில்லை. பேங்க்கில் கவுண்டர் வேலை முடிந்ததும் நேராக அந்தத் தெருவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த காகிதத்தில் எல்லாம் மீட்டரும் சென்டிமீட்டரும்தான் இருந்தது.

முதலில் என் தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. தாத்தாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. ஊர்த் தெரு முனை வந்ததும் இறங்கிவிட வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடிகிற வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தெரு முடிந்த பிறகு ஏறிக்கொள்ளலாம். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. ஆனால் அந்த முனை வந்ததும் தாத்தாவின் கால் தானாகப் பெடலை விட்டுவிடும். "ஏன் தாத்தா எறங்குற?" என்று ஒரு தடவை கேட்டேன். "எறங்கலைன்னா எறக்கிடுவாங்கடா" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இப்போ யாரும் எறக்க மாட்டாங்க, கால் கேக்க மாட்டேங்குது" என்றார்.

இந்த 'இறங்குவது' என்கிற சொல்லை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரைக்கும் இதைத்தான் பேசப் போகிறேன்.

எங்களுடையது ஒரு சின்ன நகராட்சி. மெயின் ரோட்டிலிருந்து ஒரு தெரு பிரிகிறது. இரண்டு பக்கமும் வீடுகள். நடுவில் பள்ளிக்கூடம். பள்ளியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வீடுகள், அப்புறம் ஒரு வாய்க்கால், அதன்மேல் குறுகலான பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. வரைபடத்தில் பார்த்தால் ஒரே தெரு. அதன் ஒரு முனையில் வண்டிகள், இன்னொரு முனையில் நாங்கள்.

காலையில் எட்டரை மணிக்கு அந்தத் தெருவில் நின்று பார்க்க வேண்டும். மெயின் ரோட்டுப் பக்கமிருந்து வேன், ஆட்டோ, கார், ஸ்கூட்டி எல்லாம் பள்ளி கேட் வரைக்கும் வந்து பிள்ளைகளை இறக்கும். திரும்ப இடமில்லாததால் பாலம் வரைக்கும் போய் வளைத்துக்கொண்டு திரும்பி வரும். அதே நேரத்தில் பாலத்திலிருந்து எங்கள் பிள்ளைகள் நடந்து வரும். நடைபாதை என்று ஒன்று இருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. அதன்மேல் கார் நிற்கிறது, பைக் நிற்கிறது, வீட்டுப் படி நிற்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. நடக்க வேண்டியவன் இறங்க வேண்டும்.

அந்தத் தெருவைக் கூட்டுகிற அக்கா எங்கள் காலனிதான். நகராட்சியில் ஒப்பந்தத் தொழிலாளி. விடியற்காலை ஐந்து மணிக்குத் துடைப்பத்தோடு அந்தத் தெருவில் இறங்குவார். அவர் பையன் மூணாவது படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் அம்மா கூட்டி முடித்த தெருவில் அவன் பள்ளிக்கு நடந்து போனான். நடைபாதையில் ஒரு கார் நின்றது. இறங்கினான். காருக்கு மறைவிலிருந்து வெளியே வந்தவனை ஒரு ஸ்கூட்டி இடித்துவிட்டது. கால் எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். ஒரு வருஷப் படிப்பு போயிற்று.

அந்த ஸ்கூட்டியை ஓட்டியவர் தன் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தாய். அழுதுகொண்டே பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவர்தான். அவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நானும் அன்றைக்குத் திட்டினேன். பிறகு யோசித்தால், அந்த ஸ்கூட்டிக்குக் கடன் விண்ணப்பம் எங்கள் பேங்க் மாதிரி ஏதோ ஒரு பேங்க்கின் கவுண்டரில்தான் நிரப்பப்பட்டிருக்கும். தெருவை வண்டியால் நிரப்பியதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அந்த அக்கா கவுண்டருக்கு வந்தார். பாஸ்புக்கை நீட்டி, "தம்பி, வருசா வருசம் இருபது ரூபா புடிக்கிறாங்களே ஆக்சிடென்ட்டு இன்சூரன்ஸுன்னு, அதுல புள்ளைக்கு ஏதாச்சும் வருமா?" என்று கேட்டார். அந்தக் காப்பீடு 18 வயசிலிருந்து 70 வயசு வரைக்கும்தான். அதைச் சொன்னேன். "அப்போ புள்ளைக்கு எந்த பாரம்?" என்றார். எங்கள் கிளையில் எல்லாவற்றுக்கும் பாரம் இருக்கிறது. பயிர்க் கடனுக்கு, நகைக் கடனுக்கு, செத்தவர் கணக்கை முடிப்பதற்கு. எட்டு வயசுப் பிள்ளையின் காலுக்கு என்னிடம் பாரம் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அடிபட்ட பிறகு நிரப்புகிற பாரத்தைத் தேடுவதில் பிரயோசனமில்லை. அடிபடாத மாதிரி தெருவை மாற்ற வேண்டும்.

நம் தோழர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். "சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, தண்ணி இல்லை, பட்டா இல்லை, இதில் நடைபாதை ஒரு கேடா? அது பணக்காரன் கேக்குற விஷயம்" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வரலாற்றையே திரும்பிப் பாருங்கள்.

அய்யன்காளி 1893-ல் செய்தது என்ன? பொதுச் சாலையில் வில்லுவண்டி ஓட்டினார். அதே அய்யன்காளிதான் ஊருட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்கிற சிறுமியைச் சேர்க்கப் போனார். அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். தெருவும் பள்ளியும் அவருக்கு இரண்டு போராட்டம் இல்லை. பள்ளிக்குப் போகத் தெரு வேண்டும், தெருவில் நிமிர்ந்து நடக்கப் பள்ளி வேண்டும். 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையில், தெருவில், கிணற்றில், பொது இடங்களில் எந்த வகுப்பாரும் தடையில்லாமல் போகலாம் என்பது அது. நூறு வருஷம் தாண்டிவிட்டது. அம்பேத்கர் தலைமையேற்று வரைந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு 'சாலைகள்' என்று தனியாக ஒரு சொல் போட்டிருக்கிறது. சும்மா போடவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடப்பதற்குத் தகுந்த நடைபாதை என்பது 21ஆம் பிரிவின்கீழ் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று சொன்னது. நமக்கு இது புதுச் செய்தி இல்லை. நாம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

பணக்காரன் விஷயம் என்கிற பேச்சுக்கு வருகிறேன். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்கே சொல்கிறது. அதில் நடந்து போனவர்கள் 32,825. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 90 பேர். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் தமிழ்நாடு. நடக்கிறவன் யார்? கார் வாங்க முடியாதவன், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன், தலையில் கூடை வைத்திருக்கிறவள். சாதிவாரியாக இந்தச் சாவுகளை யாரும் பிரித்து எழுதுவதில்லை. காலில் போகிறவர்களில் நாம் எவ்வளவு பேர் என்பதை நம் தெருக்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இனி தெருவுக்கு வருகிறேன்.

பையன் அடிபட்ட செய்தி, அதற்கு முன்னால் நடந்த இரண்டு மூன்று விபத்து எல்லாம் சேர்ந்து, நகராட்சியில் அந்தத் தெருவை மாற்றியமைக்க ஒரு திட்டம் போட்டார்கள். பாதுகாப்பான பள்ளித் தெரு என்று பெயர். மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று வரைபடத்தை ஒரு மண்டபத்தில் ஒட்டியிருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

நல்ல வரைபடம்தான், பொய் சொல்லக் கூடாது. அகலமான நடைபாதை, மரம், வண்டி ஏறாமல் இருக்க இரும்புக் குட்டைத் தூண்கள், பள்ளி வாசலில் மேடான கடக்கும் இடம். ஆனால் எல்லாம் மெயின் ரோட்டில் தொடங்கிப் பள்ளி கேட்டோடு முடிந்துவிட்டது. கேட்டுக்கு அப்பால் வெறும் காகிதம். பாலத்தின் பக்கம் ஒரு அம்புக்குறி போட்டுக் 'காலனிக்கு' என்று எழுதியிருந்தது. பையன் அடிபட்ட இடம் அந்த வெறும் காகிதத்தில் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. பள்ளி நேரத்தில் வெளியாட்களும் வெளி வண்டிகளும் வராமல் இருக்க ஒரு கேட். அதை எங்கே வரைந்திருந்தார்கள் தெரியுமா? பாலத்தில். குடியிருப்போர் சங்கத்தின் கோரிக்கை அது. சங்கத்துப் பெரியவர் ஒருவர், ரிட்டையர் ஆனவர், என்னிடம் பொறுமையாகத்தான் பேசினார். "தம்பி, நாங்க யாரையும் வர வேணாம்னு சொல்லல. நடந்து வர்றதுக்குச் சின்னக் கதவு இருக்கும். ஸ்கூல் டைம்ல மட்டும்தான். எல்லாம் சேஃப்டிக்குத்தான்."

தோழர்களே, உத்தபுரத்தில் 1989-ல் கட்டிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம்தான் உடைத்தார்கள். கேட்டவர்களுக்கு அந்தச் சுவருக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சுவருக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும். இப்போது அந்தக் காரணத்தின் பெயர் பாதுகாப்பு.

நான் மண்டபத்திலேயே கத்தியிருக்கலாம். கத்தினால் 'இவங்க எதுக்கெடுத்தாலும் சாதியைக் கொண்டு வருவாங்க' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் எண்ணுவது என்று முடிவு செய்தோம். இதே மாதிரி ஒரு விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவர்கள் ஆறு பேர் வந்தார்கள். மூன்று நாள் காலையும் மாலையும் இரண்டு முனையிலும் நோட்டோடு நின்றார்கள். எந்த முனையிலிருந்து எத்தனை வண்டி, எத்தனை கால். நாங்கள் எதிர்பார்த்ததுதான் வந்தது, ஆனால் எழுதிப் பார்த்தபோது அதன் பலம் வேறாக இருந்தது. காரும் வேனும் ஆட்டோவும் ஏறக்குறைய அத்தனையும் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து வருகிறது. பாலத்துப் பக்கமிருந்து வருவது பிள்ளைகளின் கால்களும் சில சைக்கிள்களும். வண்டி வருவது அந்தப் பக்கம். கேட் போடுவது இந்தப் பக்கம். இதைவிடத் தெளிவாகச் சாதியை எந்த வரைபடத்திலும் நான் பார்த்ததில்லை. அதை நாங்கள் அந்தச் சொல்லால் சொல்லவே இல்லை. எண்ணிக்கையை மட்டும் நீட்டினோம்.

இந்த இடத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நாளைக்கு உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வரைபடத்தை ஒட்டுவார்கள்.

முதலாவது, வேகம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற ஒருவர் பிள்ளையைப் பார்த்து, ஒரு நொடியில் பிரேக்கை மிதித்து, நிற்பதற்குச் சுமார் 13 மீட்டர் போதும். 50-ல் வருகிறவருக்கு 28 மீட்டர் வேண்டும். காரணம், அந்த ஒரு நொடியிலேயே அவர் கிட்டத்தட்ட 14 மீட்டர் தாண்டிவிடுகிறார். அதாவது 30-ல் வந்தவர் நின்றுவிட்ட இடத்தில், 50-ல் வந்தவர் இன்னும் பிரேக்கையே தொடவில்லை. அதனால்தான் நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கிற இடத்தில் 30-க்கு மேல் கூடாது என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக மாநாட்டுப் பிரகடனம் கேட்டது. ஆனால் 30 என்று ஒரு போர்டு வைத்தால் யாரும் மெதுவாகப் போக மாட்டார்கள். தெரு அகலமாகவும் நேராகவும் இருந்தால் கால் தானாக அழுத்தும். தெருவைக் குறுக்கினால், முனையை ஒடித்தால் கால் தானாகத் தளரும். என் தாத்தாவின் கால் பெடலை விட்ட மாதிரிதான். தெரு மனுஷன் உடம்புக்குப் பாடம் சொல்லும். என்ன பாடம் சொல்ல வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, நடைபாதை. குடியிருப்புத் தெருவில்கூட எந்தத் தடையுமில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் நெறிமுறை சொல்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போகிற அகலம். டிரான்ஸ்ஃபார்மருக்கும் படிக்கும் போக ஆறடி, அவற்றைச் சேர்த்து ஆறடி இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது. விபத்து நடந்தால் உடனே வேகத்தடை கேட்கிறோம். வெள்ளைக்கோடுகூட இல்லாத ஒரு மேட்டை ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டுப் போவார்கள். அதில் விழுந்து சாகிறவனும் நம்ம ஆள்தான், டூ வீலரில் வேலைக்குப் போகிறவன். மேடான கடக்கும் இடம் வேறு. நடைபாதை எந்த உயரமோ அதே உயரத்துக்குச் சாலையையே உயர்த்தி, இரண்டு பக்கமும் சரிவாக்கி, கோடு போட்டு, முன்கூட்டியே போர்டு வைப்பது. பிள்ளை நடைபாதையிலிருந்து இறங்க வேண்டியதே இல்லை, சமமாக நடந்து எதிர்ப்பக்கம் போய்விடும். வண்டிதான் ஏறி இறங்க வேண்டும்.

இதை முதல் தடவை புரிந்துகொண்ட அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு, இருநூறு வருஷமாக இறங்கியது நாம். சைக்கிளிலிருந்து, செருப்பிலிருந்து, நடைபாதையிலிருந்து இறங்கியது நாம். அரையடி சிமெண்டில் அதைத் திருப்பிப் போட முடியும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் யாரும் தானாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. நெதர்லாந்தில் 1971-ல் மட்டும் சாலையில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். மகளைச் சாலையில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு இயக்கம் பிறந்தது. 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான் அதன் பெயர். விபத்து என்று சொல்லாமல் கொலை என்று சொன்னார்கள். பெற்றோர் தெருவை மறித்தார்கள், பிள்ளைகளைத் தெருவில் விளையாட விட்டார்கள். டெல்ஃப்ட் நகரத்தில் குடியிருப்புத் தெருக்களை நடப்பவர்களுக்கென்று மாற்றியமைத்த முறை 1976-ல் சட்டமாகவே வந்தது. 'வோனெர்ஃப்' என்று பெயர், வாழும் முற்றம் என்று சொல்லலாம். தெருவின் முழு அகலமும் நடப்பவர்களுக்கு. வண்டி, நடை வேகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போகிற மாதிரி போக வேண்டும்.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் காலனித் தெருதான் ஞாபகம் வந்தது. அங்கே தெருவில்தான் கட்டில், தெருவில்தான் அரட்டை, தெருவில்தான் பிள்ளைகளின் ஆட்டம். வண்டிக்காரன் பெல் அடித்து, கெஞ்சி, ஒதுங்கச் சொல்லித்தான் போவான். ஆனால் இதை வைத்துப் பெருமை பாட எனக்கு மனசில்லை. வீட்டுக்குள் இடம் இல்லாததால்தான் நாம் தெருவில் இருக்கிறோம். தெருவை வீடாக வைத்திருக்கிற நமக்குத் தெருவைப் பற்றி ஏதோ தெரியும், அதை யாரும் கேட்பதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாசல் தெருவில் வண்டிகளை நிறுத்திவைக்கிற முறையை இத்தாலியின் போல்சானோ நகரம் 1980களின் இறுதியில் தொடங்கியது. இன்றைக்கு லண்டனிலும் பாரிஸிலும் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் அது இருக்கிறது. நாங்கள் கேட்டதும் அதுதான். கேட் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்டை மெயின் ரோட்டு முனையில் போடுங்கள் என்றோம். காலையும் மாலையும் அரை மணி நேரம். தெருவில் குடியிருப்பவர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கும் விலக்கு.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவையும் அழைத்துப் போனோம். வாசலிலேயே நின்றார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் "இருக்கட்டும் தம்பி" என்றார். அந்த மண்டபத்தையும் கூட்டுகிறவர் அவர்தான். வரைபடத்தை மேஜையில் விரித்தபோது நான் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் பார்த்தார். பிறகு விரலை வைத்தார். "இது டிரான்ஸ்ஃபார்மரா சார்? அப்போ இங்கதான் தண்ணி நிக்கும். மழ பேஞ்சா நாலு நாளு வத்தாது. புள்ளைங்க இதைச் சுத்திக்கினு இப்புடி ரோட்டுல எறங்கும். இங்க எந்நேரமும் ஒரு வேன் நிக்கும். இந்த மூலையில பாட்டில் ஒடைச்சிப் போடுவாங்க, நான் அள்ளாத நாளு இல்ல." இஞ்சினியர் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். நல்ல மனுஷன். "இதெல்லாம் எங்க சர்வேல இல்லையேம்மா" என்றார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "நான் தெனமும் இங்கதானே சார் இருக்கேன்" என்றார்.

பள்ளி வாசலில் மாங்காய்க் கீற்றும் இலந்தப்பழமும் விற்கிற ஆயாவை வரைபடத்தில் 'ஆக்கிரமிப்பு' என்று காட்டியிருந்தார்கள். வண்டியில் வராத பிள்ளையைக் கைபிடித்துத் தெருவைக் கடக்க வைக்கிற ஒரே ஆள் அந்த ஆயாதான். 2014 தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தச் சட்டத்தையும் பிரதி எடுத்துக் கொடுத்தோம். அழகுபடுத்துவது என்றாலே முதலில் துடைத்துப் போடுவது நம்மைத்தான் என்பது நமக்குத் தெரியும். அதனால் வரைபடத்தில் ஆயாவுக்கு ஒரு சதுரம் போடச் சொன்னோம். நடைபாதையின் ஆறடிக்கு வெளியே, நிழலில்.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பாலத்துக் கேட்டை எடுத்துவிட்டார்கள். மெயின் ரோட்டு முனையில் போலீஸ் தடுப்பு வைத்து ஒரு வாரம் சோதனையாக நடத்தினார்கள். முதல் நாள் பெரிய சண்டை. காரிலிருந்து இறங்கி நூறடி நடக்க வேண்டும் என்றதும் சிலருக்கு அப்படி ஒரு கோபம். நாலாம் நாள் பிள்ளைகள் தெரு நடுவில் ஓடிப் பிடித்து விளையாடின. மெயின் ரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகளும் பாலத்துப் பக்கத்துப் பிள்ளைகளும் கலந்துதான். சங்கத்துப் பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சத்தமே இல்ல தம்பி" என்றார். அவர் மாறிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. தெரு மாறியது, அந்த ஒரு வாரம் அவரும் அதற்குத் தகுந்த மாதிரி உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

பிறகு வேலைக்கு உத்தரவு வந்தது. வாங்கிப் படித்தோம். மெயின் ரோட்டிலிருந்து பள்ளி கேட் வரை முதல் கட்டம். கேட்டிலிருந்து பாலம், பாலத்திலிருந்து காலனி, இரண்டாம் கட்டம்: நிதி கிடைத்ததும்.

இரண்டாம் கட்டம். இந்த நாட்டில் நம்முடைய நிரந்தர விலாசம் அதுதான். 1925-ல் வைக்கம் போராட்டம் முடிந்தபோது கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் மூன்று பக்கம் திறந்தார்கள். கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. அது திறக்க 1936 ஆலய நுழைவுப் பிரகடனம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. திறந்த மூன்று தெருவைக் கொண்டாட வேண்டும்தான். திறக்காத தெருவின் பக்கத்தில் யாருடைய கால் காத்திருந்தது என்றும் கேட்க வேண்டும்.

அதனால் நாங்கள் மறுபடியும் மனுப் போட்டிருக்கிறோம். ஒரே ஒரு கோரிக்கை. வேலையைக் காலனியிலிருந்து தொடங்குங்கள். பள்ளித் தெரு என்பது பள்ளி கேட்டில் தொடங்குவதில்லை, கடைசியாக நடந்து வருகிற பிள்ளையின் வீட்டு வாசலில் தொடங்குகிறது. அங்கே ஆரம்பித்தால் பணம் பாதியில் தீர்ந்துபோனாலும் வேலை மெயின் ரோட்டுப் பக்கத்தில் நிற்கும். அப்போது மிச்சப் பணத்தை எப்படியாவது கொண்டுவந்துவிடுவார்கள். கேட்கிற குரல் அந்தப் பக்கம் பலமாக இருக்கிறது. நம் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் முடித்தால் தெரு முழுசாகும். அந்தப் பக்கம் தொடங்கினால் எப்போதும் முக்கால் தெருதான். இது கவிஞன் கணக்கு இல்லை, கிளார்க் கணக்கு.

பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலத்திலிருந்து கேட் வரைக்கும் நாங்களே சுண்ணாம்பால் கோடு போடப் போகிறோம். ஆறடி நடைபாதை, கடக்கும் இடம், தண்ணீர் நிற்கிற இடம், வேன் நிற்கக் கூடாத இடம். அந்தப் பையன் இப்போது நன்றாக நடக்கிறான், லேசாகச் சாய்ந்து. மறுபடியும் மூணாவதுதான். முதல் கோட்டை அவன் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் அம்மா அன்றைக்கும் ஐந்து மணிக்கே வந்து தெருவைக் கூட்டிவிடுவார். நீங்களும் வர வேண்டும். டேப் இருந்தால் கொண்டு வாருங்கள், நோட்டு கட்டாயம் கொண்டு வாருங்கள்.

உங்கள் ஊருக்குப் போனதும் உங்கள் பள்ளித் தெருவில் ஒரு காலை நின்று பாருங்கள். யார் எங்கே இறங்குகிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். எழுதியதை எடுத்துக்கொண்டு நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் போங்கள். வரைபடத்தில் நம் பக்கம் வெறும் காகிதமாக இருந்தால், பென்சிலைக் கேட்டு வாங்குங்கள்.

என் தாத்தா இப்போது இல்லை. இருந்திருந்தால் அந்தச் சோதனை வாரத்தில் அவரை அழைத்துக்கொண்டு போய், தெரு நடுவில் சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்துப் பின்னால் பிடித்துக்கொண்டே வந்திருப்பேன். இறங்கப் பார்த்தால், "இரு தாத்தா, இன்னைக்கு வண்டிங்கதான் எறங்கணும்" என்று சொல்லியிருப்பேன்.

ஜெய் பீம்.